காஜாங்கிற்குக் குடிவரும் பெற்றோர்களே, பிள்ளைக்கு எந்தப் பள்ளி?



ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று குடும்பங்களாவது, "பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், டீச்சர்?" என்ற கேள்வியோடு என்னைத் தேடி வருகின்றன. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அண்மையில் இந்நாட்டுக்கு வந்து, காஜாங் வட்டாரத்தில் வீடெடுத்துக் குடியேறியவர்கள் அவர்கள். இவ்வட்டாரத்திற்கு அவர்கள் வருவதற்குக் காரணம் உண்டு. பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. செமினியில் 2005-ஆம் ஆண்டு முதல் நோட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் இயங்குகிறது. காஜாங்கிலேயே தெனாகா நேசனல் பல்கலைக்கழகம் உள்ளது. ஆராய்ச்சிக்கும் விரிவுரைப் பணிக்கும் வருவோர் ஒருபுறம். தலைநகரில் வேலை பார்த்துக்கொண்டு, 2017-இல் எம்.ஆர்.டி. இரயில் காஜாங் வரை வந்ததனால் இங்கே வீடு பார்ப்போர் மறுபுறம்.

வீடு ஒரு வாரத்தில் அமைந்துவிடும். மளிகைக் கடையும் கோயிலும் கண்ணில் பட்டுவிடும். பள்ளிதான் எளிதில் அமைவதில்லை. அவர்களிடம் நான் தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே ஒருசேர எழுதுகிறேன். உள்ளூர்ப் பெற்றோர்களும் ஆசிரிய நண்பர்களும் இதைப் படிக்க வேண்டுகிறேன். புதியவர்கள் முதலில் வழி கேட்பது அண்டை வீட்டாரிடத்தில்தான்.

இக்கேள்வி புதிதன்று

கடல் கடந்து காஜாங்கிற்கு வந்த தமிழர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுவது இது முதன்முறை அன்று. 1890-களில் இவ்வட்டாரம் காப்பித் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. கின்டர்ஸ்லி சகோதரர்கள் தங்கள் இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் பயிரிட்டதும் அக்காலத்தில்தான். இந்நாட்டில் வணிக நோக்கோடு ரப்பர் நடப்பட்ட முன்னோடித் தோட்டங்களுள் அதுவும் ஒன்று. ரப்பர் பெருகியதும் பால்மரம் சீவுவதற்குத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். அப்பிள்ளைகள் எங்கே படிப்பது?

1910-களிலும் 1920-களிலும் வந்த தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் அங்கே பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தன. ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கிராணியோ கங்காணியோ ஆசிரியர். பல தோட்டப்பள்ளிகளின் தொடக்கம் இவ்வளவுதான். 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் நகர்களுக்குப் பெயர்ந்தனர். சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டன அல்லது மூடப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை ஐந்நூற்று இருபதுக்குச் சற்று மேல்.

இவ்வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலு லங்காட் மாவட்டப் பள்ளிப் பட்டியலில் வெஸ்ட் கண்ட்ரி தோட்டம், டொமினியன் தோட்டம் என்ற பெயர்களைப் பார்த்ததும் புதிதாக வந்த பெற்றோர் தயங்குகிறார்கள். "தோட்டத்துக்குள் போய்ப் பிள்ளை படிப்பதா?" என்று ஒரு தந்தையார் என்னிடமே கேட்டார். பள்ளியின் பெயரில் தோட்டம் என்று இருப்பதால் அது தாழ்ந்தது என்று எண்ண வேண்டாம். வேறு எவரும் பள்ளி கட்டித்தராத காலத்தில் அப்பள்ளியைக் காத்தவர்களின் முகவரி அது.

தமிழ்ப்பள்ளி என்றால் என்ன?

புதியவர்களிடம் இரண்டு தவறான எண்ணங்களைக் காண்கிறேன். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உறவினர் உள்ளவர்கள், வார இறுதியில் இரண்டு மணி நேரம் நடக்கும் வகுப்பைத்தான் தமிழ்ப்பள்ளி என்கிறோம் என்று நினைக்கிறார்கள். மற்றவர்கள், தமிழ் தவிர வேறெதுவும் சொல்லித்தராத பள்ளி என்று நினைக்கிறார்கள்.

இரண்டும் சரியல்ல. மலேசியத் தமிழ்ப்பள்ளி கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தில் இயங்கும் முழுநேரத் தொடக்கப்பள்ளி. முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை வகுப்புகள். கணிதமும் அறிவியலும் தமிழில் நடக்கும். 2016 முதல் இருமொழித் திட்டத்தை ஏற்ற பள்ளிகளில் அவ்விரண்டும் ஆங்கிலத்தில் நடக்கலாம். மலாய்மொழியும் ஆங்கிலமும் முதலாம் ஆண்டிலிருந்தே பாடங்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்கு இசுலாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. ஆகவே பன்னிரண்டு வயதில் வெளியேறும் பிள்ளை மூன்று மொழிகளை எழுதவும் படிக்கவும் பயின்றிருக்கும்.

மற்ற வாய்ப்புகளும் உள்ளன. தேசியப்பள்ளியில் பயிற்றுமொழி மலாய். குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழை ஒரு பாடமாகக் கற்பிக்க 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் ஆசிரியர் அமைய வேண்டும். பெற்றோரும் விடாது கேட்க வேண்டும். சீனப்பள்ளி மற்றொன்று. சீனமொழிக் கல்விக்காகப் பாடுபடும் டோங் சோங் அமைப்பின் தலைமையகம் நம் காஜாங்கில்தான் இருக்கிறது. தாய்மொழிக் கல்வியை ஒரு சமூகம் எப்படித் தாங்கிப் பிடிக்கிறது என்பதை அங்கே பார்க்கலாம். கடைசியாக, கட்டணம் மிகுந்த அனைத்துலகப் பள்ளிகள். பெரும்பாலும் ஆங்கில வழியில் கேம்பிரிட்ஜ் போன்ற பாடத்திட்டங்களைப் பின்பற்றுபவை.

தாள்களும் வயதும்

வெளிநாட்டுக் குடிமக்களின் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் சேர, இடம் இருக்க வேண்டும்; கல்வி இலாகாவின் அனுமதியும் வேண்டும். தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கடப்பிதழ், பெற்றோரின் வேலை அல்லது கல்வி அனுமதி, முன்பு படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலமும் நகலும் கையில் இருக்கட்டும். சார்ந்திருப்போர் அனுமதியில் வந்த பிள்ளை இங்கே படிப்பதற்குக் குடிநுழைவுத் துறையின் ஒப்புதல் தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விதிமுறைகள் மாறிக்கொண்டே இருப்பவை. சென்ற ஆண்டு வந்த நண்பரின் அனுபவத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது வகுப்பு. இங்கே ஏழு வயது நிறையும் ஆண்டில் முதலாம் ஆண்டு என்பது நெடுநாளைய வழக்கு. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே நான்காம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு இங்கே மூன்றாம் ஆண்டில் இடம் தருவார்கள். "ஒரு வருடம் வீணாகிறதே" என்று தாய்மார்கள் கலங்குகிறார்கள். புதிய மொழியொன்றை அடியிலிருந்து கற்க வேண்டிய பிள்ளைக்கு அந்த ஓராண்டு மூச்சு விடுவதற்கான இடம். அதைப் பறித்துவிடாதீர்கள்.

பள்ளித் தவணையும் வேறு. தமிழ்நாட்டில் சூனில் பள்ளி திறக்கும். இங்கே ஜனவரியில் தொடங்குவதே மரபு. கோவிட் பெருந்தொற்றுக்குப் பின் சில ஆண்டுகள் மார்ச்சு மாதத்திற்குத் தள்ளிப்போய், 2026-இல் மீண்டும் ஜனவரிக்கே திரும்பியது. ஏப்ரலில் அங்கே தேர்வெழுதிவிட்டு வரும் பிள்ளை இங்கே ஆண்டின் நடுவே வந்து அமர்கிறது. நண்பர் குழுக்கள் அமைந்துவிட்ட வகுப்பில் புதிதாக நுழைவது எளிதன்று. முடிந்தால் ஆண்டிறுதி விடுமுறையை ஒட்டி வாருங்கள்; முடியாவிட்டால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மலாய்மொழியைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அது உரோமன் எழுத்தில் எழுதப்படுவது. பெரும்பாலும் எழுதியவாறே ஒலிப்பது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளை சில வாரங்களில் வாய்விட்டுப் படித்துவிடும். பொருள் பிறகு வரும். ஆசிரியரைக் 'குரு' என்றும் கடையைக் 'கெடாய்' என்றும் சொல்வதை அறிந்ததும் பிள்ளைகளின் முகத்தில் ஒரு சிரிப்பு தோன்றும். அங்கிருந்து தொடங்கலாம்.

எழுத்தறியாமல் வந்த சிறுமி

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி என் வகுப்பில் சேர்ந்தாள். பெற்றோர் தமிழ்நாட்டுக்காரர்கள்; அவள் வளர்ந்தது பெங்களூரில், ஆங்கிலவழிப் பள்ளியில். வாய் ஓயாமல் தமிழ் பேசுவாள். எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்குத் தெரியாது. முதல் வாரம் செய்யுள் பகுதியில் திருக்குறளை மற்றவர்கள் படிக்க, அவள் தலையைக் குனிந்துகொண்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவியின் குடும்பம் நான்கு தலைமுறைகளாக இந்நாட்டில் வாழ்வது. அம்மாணவி தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குப் போகும் வழியில், சுவரில் எழுதியிருந்த ஆத்திசூடியை ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் சொல்லிச் செய்ததன்று. பதிலுக்கு இவள் ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்து படித்துக் காட்டுவாள். "பசியாறிட்டியா?" என்ற நம் ஊர்ப் பேச்சு அவளுக்குப் புதிதாக இருந்தது. ஒரு மாதத்தில் என்னையே அப்படிக் கேட்கத் தொடங்கிவிட்டாள்.

ஐந்தாம் ஆண்டு நடுவில் தந்தையின் ஒப்பந்தம் முடிந்து அவர்கள் நாடு திரும்பினர். விடைபெற வந்த தாயார் சொன்னது என் நினைவில் இருக்கிறது: "எங்க அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, டீச்சர். இதுவரைக்கும் போன்ல பேசுறதோட சரி. இப்ப இவ அவங்களுக்கு லெட்டர் எழுதுறா." தமிழ் மண்ணுக்கு அருகில் இருந்தபோது கிட்டாத எழுத்து, கடல் கடந்த காஜாங்கில் அவளுக்குக் கிட்டியது.

யாருக்குத் தமிழ்ப்பள்ளி பொருந்தாது?

எல்லாப் பிள்ளைகளுக்கும் தமிழ்ப்பள்ளிதான் என்று நான் சொல்வதில்லை. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது கடந்திருந்தால் அக்கேள்விக்கே இடமில்லை. அரசாங்க இடைநிலைப்பள்ளியில் பயிற்றுமொழி மலாய். பதினான்கு வயதில் வந்து மூன்று ஆண்டுகளில் எஸ்.பி.எம். தேர்வை மலாயில் எழுதுவது பெரும் சுமை. ஈராண்டில் ஊர் திரும்பிப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைக்கு, அங்குள்ள பாடத்திட்டத்தோடு ஒட்டிய பள்ளியே நல்லது. அப்பிள்ளைக்கு வீட்டில் நாள்தோறும் அரைமணி நேரம் தமிழ் வாசிப்பை ஒழுங்காக அமைத்துக்கொடுங்கள்.

ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளை, மூன்றாண்டுக்கு மேல் இங்கிருக்கும் வாய்ப்பு. இவ்விரண்டும் பொருந்தினால் தமிழ்ப்பள்ளியைப் பட்டியலின் முதலில் வையுங்கள். தொடர்ந்து இங்கேயே தங்குவதானால் முதல் நாளிலிருந்தே மலாய்மொழியில் கவனம் வையுங்கள். ஆறாம் ஆண்டுக்குப் பின் அதுதான் துணை.

கதவு திறவாத பிள்ளைகள்

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க இயலாது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையொப்பமிடவில்லை. போரிலிருந்து தப்பி இந்நாட்டுக்கு வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், ஐக்கிய நாடுகளின் அகதி அட்டை வைத்திருந்தாலும், அரசாங்கப் பள்ளியில் சேர முடிவதில்லை. தொண்டு நிறுவனங்களும் சமூகத்தினரும் நடத்தும் கற்றல் மையங்களே அவர்களுக்குக் கதி. வீட்டில் தமிழ், தெருமுனையில் தமிழ்ப்பள்ளி, ஆயினும் வாயிற்கதவுக்கு வெளியே நிற்க வேண்டிய நிலை. அக்கற்றல் மையங்களுக்குத் தன்னார்வ ஆசிரியர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர்கள் வாரம் ஒருமுறை சென்றாலும் பெரும் பயன் உண்டு.

உரிய தாள்கள் கையில் உள்ள பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். உங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. பள்ளியை முடிவு செய்யுமுன் ஒரு காலைப்பொழுதில் நேரில் சென்று பாருங்கள். வகுப்பில் எத்தனை பேர், மலாய்மொழியில் பின்தங்கும் பிள்ளைக்கு யார் உதவுகிறார்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கம் எப்படிச் செயல்படுகிறது என்று கேளுங்கள். பிறகு உங்கள் பிள்ளையையும் அழைத்துச் சென்று, ஓய்வு நேர மணி அடிக்கும்போது சற்று நேரம் திடலோரம் நில்லுங்கள். அங்கு ஓடியாடும் பிள்ளைகள் எந்த மொழியில் ஒருவரையொருவர் கூப்பிடுகிறார்கள் என்பதைக் காதால் கேட்ட பின் முடிவெடுங்கள்.