மேற்கோளும் மதிப்பெண்ணும்

கற்றோர் ஒருவர் பிறர் கூற்றை எடுத்துக்காட்டும்போது, அவர்க்குப் பட்ட கடனைத் தீர்க்கின்றார். பின்வருவோர்க்கு வழியும் காட்டுகின்றார். தொல்காப்பியர் தம் முன்னோர் கருத்தென்று பலவிடங்களிற் சுட்டுகின்றார். யாப்பருங்கல விருத்தியுடையார் எடுத்தாண்டமையாலன்றோ, மறைந்த நூல்கள் பலவற்றின் பெயரையேனும் நாம் அறிகின்றோம்! சீவகசிந்தாமணியை 1887-இல் வெளியிட்ட உ. வே. சாமிநாதையரை, நச்சினார்க்கினியர் நூற்பெயர் கூறாது காட்டிய மேற்கோள்களே சங்க நூற் சுவடிகளிடம் கொண்டு சேர்த்தன.

ஐயர் மேற்கோளைப் பற்றிப் பின்னோக்கி நடந்தார். முன்னோக்கி நடக்க வழி வகுத்தவர் யூஜின் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர். ஒரு கட்டுரையைப் பின்னர் எவரெவர் எடுத்தாண்டனர் என்று காட்டும் அட்டவணையை அவர் 1955-இல் முன்மொழிந்தார். வழக்கறிஞர்கள் பழைய தீர்ப்புகளைத் தொடர்ந்தறியப் பயன்படுத்திய செப்பர்டு அட்டவணையே அவர்க்கு முன்மாதிரி.

பெங்களூருக்கும் இத்துறையில் பங்குண்டு. சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன், நூலகப் பணியை எண்ணால் அளக்கும் ஒரு துறை வேண்டுமென்று 1948-இலேயே கூறினார். 1962-இல் இந்நகரில் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவினார். படிப்பவர் காலத்தைக் காத்தல் அவர் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று.

லிங்கராஜபுரத்தில் நம் தெருவில் வாழும் ஆய்வு மாணவி ஒருத்தி அண்மையில் ஒரு மின்னஞ்சலைக் காட்டினாள். பணம் கட்டினால் ஒரு வாரத்திற் கட்டுரை வெளியாகும் என்றும், இதழின் தாக்கக் காரணி மிக உயர்ந்தது என்றும் அதிற் கண்டிருந்தது. அவளது ஆய்வோ, இந்நகர்த் தமிழர் பேச்சிற் கன்னடம் கலக்கும் முறை பற்றியது. "ஐயா, எல்லோரும் எண்ணைத்தான் கேட்கிறார்கள், நான் என்ன செய்வது?" என்றாள்.

அவ்வெண்ணின் பொருளை இருவரும் ஆராய்ந்தோம். ஓர் இதழ் முந்திய இரண்டாண்டுகளில் வெளியிட்ட 100 கட்டுரைகள் இவ்வாண்டில் 250 முறை எடுத்தாளப்பட்டால், அதன் தாக்கக் காரணி 2.5. இஃது இதழின் சராசரியேயன்றித் தனிக் கட்டுரையின் தகுதியன்று. மேலும், மருத்துவத்தார் மிகுதியாகவும் கணிதத்தார் குறைவாகவும் மேற்கோள் காட்டுவர்; துறைவிட்டுத் துறை ஒப்பிடல் பொருந்தாது. ஒருவர் பணியை இதழின் எண்ணால் எடைபோடலாகாது என்று, 2012-இல் சான் பிரான்சிஸ்கோவிற் கூடிய அறிஞர்கள் அறிக்கை வகுத்தனர். 2015-இல் வெளிவந்த லெய்டன் அறிக்கை, அவ்வந்நாட்டுக்குரிய ஆய்வின் சிறப்பைக் காக்க வேண்டுமென்றது.

பின்னர்த் தரவுத்தளத்தை உரைகல்லாகக் கொள்ளாது கைவிளக்காகக் கொண்டோம். குப்வார் என்னும் சிற்றூரின் மொழிக்கலப்பைப் பற்றிக் கம்பர்ஸும் வில்சனும் 1971-இல் எழுதிய கட்டுரையில் தொடங்கி, அதனை எடுத்தாண்டவற்றை ஒன்றொன்றாகக் கூகுள் ஸ்காலரிற் கண்டோம். எவரும் சொல்லாத வழிகள் திறந்தன. ஆயினும், தமிழிதழ்க் கட்டுரைகள் அரிதாகவே அகப்பட்டன. அவற்றைத் தேட அவள் நூலகத்திற்குத்தான் செல்ல வேண்டியதாயிற்று. அந்த மின்னஞ்சலுக்கு அவள் விடையளிக்கவில்லை.

எண் நம்மைக் காணவில்லை என்று வருந்துவதோடு நாம் நிற்றலாகாது. தமிழிதழ்கள் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றோடு மேற்கோள்களை முறையாக அச்சிட வேண்டும். பழைய இதழ்களுக்கு அட்டவணை வகுக்க வேண்டும். தமிழிற் செய்த ஆய்வைத் தமிழரே எடுத்தாளாவிடின், வேறு யார் எடுத்தாள்வர்?