எடைக்கும் விலைக்கும் நடுவே

மணவூரில் ஏறிச் சென்னைக்குப் போகும் மின்சார ரயில்கள் பல கடைசியாகப் போய் நிற்கும் இடத்துக்கு, ரயில்வேக் கணக்கில் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். சென்ட்ரலை ஒட்டிய அந்தப் புறநகர் முனையத்தில் பெயர்தான் மிச்சம், மார்க்கெட் இல்லை. 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்துபோனது. பழைய புத்தகம் தேடுகிறவர்களுக்கு அதுவரை அதுதான் முகவரி. இன்று அந்த முகவரி கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பரணில் கிடக்கும் தகரப் பெட்டியை இறக்கி, உள்ளே இருக்கும் இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் காமிக்ஸ் புத்தகங்களைப் படம் எடுத்துப் போட்டால், மணவூரில் இருப்பவர் மதுரைக்காரருக்கும் துபாயில் இருக்கும் தமிழருக்கும் விற்க முடிகிறது. இதைச் செய்கிறவரைப் பற்றி நம்மிடையே நல்ல அபிப்பிராயம் இல்லை. சின்ன வயசு ஞாபகத்தைக் காசாக்குகிறார், சில்லறைக்கு விற்ற புத்தகத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார் என்று முகம் சுளிக்கிறோம். என் கட்சி வேறு. சொந்தச் சேகரிப்பை விற்பதும் புத்தகத்தைக் காப்பாற்றும் வழிகளில் ஒன்று. ஒரே ஒரு நிபந்தனை உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், இந்தப் புத்தகங்கள் ஏன் அரிதாயின? சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் வந்தது. அதன் முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவி தமிழ் பேசினார். 1984-ல் லயன் காமிக்ஸும் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் தொடங்கின. இவை கடைகளில் தொங்கிய, பையன்களின் கைச்செலவுக்குள் அடங்கிய மலிவான புத்தகங்கள். வைத்துக்கொள்ள வேண்டிய பொருள் என்று யாருக்கும் தோன்றாததால்தான் அவை அழிந்தன. ஒரு பிரதி பத்துப் பேரிடம் கைமாறும். அட்டை கிழியும், பின் துருப்பிடிக்கும். மட்டமான தாள் சில ஆண்டுகளில் பழுத்து, மடித்த இடத்தில் ஒடியும். இவ்வளவுக்கும் தப்பியது பரீட்சை நேரத்தில் அப்பா கண்ணில் பட்டுப் பழைய பேப்பர் கடைக்குப் போகும். அமெரிக்காவிலும் இதே கதைதான். சூப்பர்மேன் முதலில் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் விலை 1938-ல் 10 சென்ட். 2014-ல் அதன் ஒரு பிரதி ஈபே ஏலத்தில் 32 லட்சம் டாலருக்குப் போனது. மாறாக, 1991-ல் வெளியான எக்ஸ்-மென் புதிய வரிசையின் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சானது. நாளை விலை ஏறும் என்று எண்ணி ஏராளமானோர் அதை உறை போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் இன்று அது சல்லிசாகவே கிடைக்கிறது. ஆக, ஒரு பழைய காமிக்ஸின் விலை அந்தக் கதையின் தரத்துக்குக் கொடுப்பதன்று. மற்றவர்கள் தூக்கிப் போட்டபோது ஒருவர் தூக்கிப் போடாமல் இருந்ததற்குக் கொடுப்பது.

மணவூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. அங்கே 1905-ல் கிடைத்த ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேட்டில் 31 ஏடுகள். செம்பில் வெட்டச் சொல்ல ஒரு அரசன் இருந்தான், செம்பும் ஆயிரம் ஆண்டு தாங்கியது. செய்தித்தாள் ரகத் தாளில் அச்சான ஸ்பைடருக்கு அரசனும் இல்லை, உலோகமும் இல்லை. நூலகங்கள் காக்கலாமே என்பீர்கள். அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கன்னிமாரா போன்ற நூலகங்களுக்குப் போக வேண்டும் என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பொம்மைப் புத்தகத்தைப் புத்தகமாக எண்ணும் பழக்கம் நமக்கு வந்ததே அண்மையில்தான். தமிழில் இப்படிப்பட்ட பொருள்களைப் பெரும்பாலும் தனி மனிதர்களின் கிறுக்குத்தான் காத்திருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம் என்று கண்டதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. அதை வைத்து 1994-ல் சென்னையில் உருவானதுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இன்று ஆய்வாளர்கள் தேடி வரும் அந்த நூலகத்தின் பிறப்பில் ஒரு விற்பனை இருக்கிறது என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். விலை பேசாமல் இருந்திருந்தால் அந்தக் காகிதத்துக்கு எடை பேசியிருப்பார்கள்.

இதற்கு முதல் மறுப்பு, விலை ஏறினால் படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்காது என்பது. நியாயமான கவலைதான். ஆனால் படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது கதை, அதற்கு மறுபதிப்பு இருக்கிறது. லயன்-முத்து நிறுவனமே தன் பழைய மாயாவி கதைகளைப் பலமுறை மறுபதிப்பாகக் கொடுத்திருக்கிறது, அதுவும் முன்பைவிட நல்ல தாளில். இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. கதைக்காகத்தான் பழைய பிரதியை வாங்குகிறார்கள் என்றால், மறுபதிப்பு வந்ததும் பழையதை யாரும் சீண்டக் கூடாது. அப்படி நடக்கவில்லை. மறுபதிப்பைக் கையில் வைத்திருப்பவரே முதல் பதிப்பையும் தேடுகிறார். ஏனென்றால் அதில் கதையைத் தவிர வேறு சரக்கு இருக்கிறது. அந்த மாதத்து ஆசிரியர் பேச்சு, அடுத்த இதழ் அறிவிப்பு, ஊர் பேரோடு அச்சான வாசகர் கடிதம், பின்னட்டை விளம்பரம் இவையெல்லாம் மறுபதிப்பில் முழுசாக வருவதில்லை. எந்தச் சிற்றூரில் எந்தப் பையன் எதைப் படித்துவிட்டு என்ன எழுதினான் என்பதற்கு நம்மிடம் இருக்கும் சாட்சி அந்தப் பழுப்புத் தாள்தான். அதற்கு விலை கொடுப்பவர் பிள்ளையின் தட்டிலிருந்து எதையும் எடுத்துவிடவில்லை.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கடுமையானது. விற்பவர்களில் சிலர் வாசகர்களே அல்லர், மொத்தமாக வாங்கிப் பதுக்கி, தட்டுப்பாடு உண்டாக்கி, விலையை ஏற்றுகிறார்கள் என்பது. அப்படிப்பட்டவர்கள் உண்டு. அதை மறுத்துப் பயனில்லை. ஆனால் பதுக்கலுக்கு மருந்து விற்பனையை நிறுத்துவதா, கூட்டுவதா? ஒரு இதழ் ஊரெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை என்ற நிலையில்தான் பதுக்கியவர் சொன்னது விலை. திருத்தணியில் ஒரு பெட்டி, அரக்கோணத்தில் ஒரு பெட்டி, காரைக்குடியில் ஒரு பெட்டி என்று திறக்கத் திறக்க, அரிது என்று நினைத்தவற்றில் பாதி அவ்வளவு அரிதில்லை என்று தெரிந்துபோகும். சொந்தச் சேகரிப்பை விற்க வருபவர் சந்தைக்குச் சரக்கைக் கொண்டுவருகிறார். உள்ளபடி விலையைத் தூக்கி நிறுத்துவது, விற்கவும் மாட்டேன் காட்டவும் மாட்டேன் என்று பூட்டி வைத்திருக்கும் பெட்டிகள்தான்.

ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிவிட்டால் காகிதம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஸ்கேனின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒடிந்துகொண்டிருக்கும் தாளுக்கு அது நல்ல காப்பு. ஆனால் நேற்றைய செல்போனில் எடுத்த மங்கல் படத்தை இன்று திருத்த வேண்டுமானால் மறுபடி தாளிடம்தான் போக வேண்டும். தாளை எடைக்குப் போட்டுவிட்டு ஸ்கேனை வைத்துக்கொள்வது, நெகடிவை எறிந்துவிட்டு பிரிண்டை மட்டும் வைத்துக்கொள்வது போன்றது. சட்டமும் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருமுறை விற்கப்பட்ட பிரதி புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதி. அதை வாங்கியவர் யாருக்கும் விற்கலாம், பதிப்பாளரின் அனுமதி வேண்டியதில்லை. உரிமை தீராத கதையைப் படி எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்ப அவருக்கு உரிமை இல்லை. அதிக விலைக்கு விற்பவரைக் கொள்ளைக்காரர் என்றும், இலவசமாகப் பிடிஎஃப் பரப்புபவரை வள்ளல் என்றும் பேசுவது நம் வழக்கம். சட்டத்தின் தராசில் தட்டுகள் இடம் மாறி நிற்கின்றன.

கடைசியாக மனசு சொல்லும் மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆசையாகச் சேர்த்ததை விற்க எப்படி மனசு வரும்? இதற்குக் கணக்கில் பதில் கிடையாது, காலத்தில்தான் உண்டு. 1972-ல் பத்து வயசில் மாயாவியைப் படித்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. எந்த இதழ் அரிது, எதில் நடுப்பக்கம் இல்லை, எது யாரிடமிருந்து வந்தது என்ற விவரமெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. அவருக்குப் பிறகு வீட்டைக் காலி செய்ய வருகிறவர்களுக்கு அந்தப் பெட்டி வெறும் பாரம். ஆகையால் சேகரித்தவர் தன் கையால், தெளிவான நினைவோடு இருக்கும்போதே விற்பதுதான் அந்தப் புத்தகங்களுக்குப் பாதுகாப்பு. பெண்ணை நல்ல இடத்தில் கட்டிக் கொடுப்பதைப் போல என்று சிலர் சொல்வது மிகை. ஆனால் அதற்குள் இருக்கும் கவலை உண்மையானது: விவரம் தெரிந்த கையிலிருந்து விவரம் தெரிந்த கைக்கு அது போய்ச் சேர வேண்டும்.

இனி நிபந்தனைக்கு வருகிறேன். விற்பவர் புத்தகத்தைப் பற்றி உண்மையை, முழு உண்மையை எழுத வேண்டும். அமெரிக்காவில் 2000-லிருந்து சிஜிசி என்ற நிறுவனம் காமிக்ஸை வாங்கிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்துத் தருகிறது. நம் ஊர்ப் பழைய காமிக்ஸுக்கு அப்படி ஒரு நடுவர் இல்லை. விற்பவரின் சொல்தான் சான்றிதழ். ‘பழைய மாயாவி காமிக்ஸ், நல்ல நிலை’ என்ற ஒற்றை வரி எதையும் சொல்லவில்லை. எந்த மாயாவி? முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் மின்சாரம் தொட்டதும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் தெரியும் பிரிட்டிஷ் நாயகன். ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி போட்ட காட்டு வீரன், அதாவது இந்திரஜால் காமிக்ஸில் படித்தவர்களுக்கு வேதாளன். லயனின் ஸ்பைடரும் அப்படித்தான். சுவரேறும் அமெரிக்கப் பையனுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அவர் பிரிட்டிஷ் பத்திரிகையில் பிறந்த குற்றச் சக்கரவர்த்தி. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அந்த ஸ்பைடரின் கதைகள் பலவற்றை எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்கிற விற்பனையாளர், ஒரு வரியில் சிவகாசியையும் சூப்பர்மேனையும் இணைத்துவிடுகிறார்.

பிறகு உடம்பைப் பற்றிய உண்மை. பின் துருப்பிடித்து நடுத்தாளில் பழுப்பு வட்டம் இறங்கியிருக்கிறதா? அட்டை அசலா, ஜெராக்ஸா? ஆறு இதழ்களைச் சேர்த்துத் தைத்து பைண்டு செய்தபோது மூன்று பக்கமும் கத்தி வைத்தார்களா, அதில் ஓரத்து வசனம் வெட்டுப்பட்டதா? லெண்டிங் லைப்ரரி முத்திரை முகத்தின் மேலேயே விழுந்திருக்கிறதா? குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்பியிருக்கிறார்களா? முக்கியமாக, இது முதல் பதிப்பா, மறுபதிப்பா? இத்தனையையும் எழுதினால் விலை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் தமிழ் காமிக்ஸுக்கு நூலகத்தில் முழு அட்டவணை தேடி அலையும் நிலையில், இதழ் எண், மாதம், பக்கம், குறை நிறை எல்லாம் குறித்த ஒரு நல்ல விற்பனை விவரம் அந்த அட்டவணையின் ஒரு வரியாகிறது. புத்தகம் ஒருவருக்குத்தான் போகும். விவரம் படித்த எல்லோருக்கும் போகும்.

பழைய பேப்பர் கடைத் தராசு எதையும் கேட்பதில்லை. ஸ்பைடரும் சோப்பு விளம்பரமும் சென்ற வருஷக் கோனார் நோட்ஸும் அதில் ஒரே கட்டு, ஒரே கிலோ. விலைக்கு விற்க உட்காருகிறவர்தான் ஒவ்வொரு இதழாகக் கட்டிலிருந்து உருவி, தூசு தட்டி, அட்டையைத் திருப்பி, எண்ணைத் தேடிப் பிடித்து எழுதியாக வேண்டும். ஐம்பது ஆண்டுகளில் அந்தப் புத்தகத்தை ஒருவர் அவ்வளவு கவனமாகப் பார்ப்பது அநேகமாக அதுதான் முதல் தடவையாக இருக்கும்.