அக்கரப்பத்தனைப் பனியில் எங்கள் தலைமுடி

வவுனியாவிலிருந்து அக்கரப்பத்தனைக்குப் போவதென்றால் ஒரு முழு நாளை ஒதுக்கிவிட வேண்டும். ரயிலில் செல்பவர்கள் பொல்காவலையில் இறங்கி, மலைநாட்டுப் பாதையில் ஓடும் ரயிலுக்கு மாற வேண்டும். நாவலப்பிட்டி வரை வெக்கை கூடவே வரும். அட்டனைத் தாண்டியதும் யன்னல் கண்ணாடியை இறக்கிவிடுவீர்கள். சென் கிளயர் நீர்வீழ்ச்சி ஒரு பக்கத்தில் தெரியும். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் தொடங்கிய பின்னர் அதில் முன்னைய அளவுக்கு நீர் விழுவதில்லை. தலவாக்கலையில் இறங்கி, லிந்துலை வழியாக பஸ் வண்டியில் ஏறினால், வளைந்து வளைந்து தேயிலை மலைகளுக்குள்ளே கொண்டுபோய் விடும். அதற்கும் அப்பால் டயகம. அதற்கும் மேலே ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் ஹோட்டன் சமவெளி.

பெண்கள் குழுக்களின் பரிமாற்றப் பயணம் ஒன்றுக்காக ஆடி மாதத்தில் அங்கு சென்றிருந்தோம். முல்லைத்தீவு, வவுனியா, மூதூர்ப் பகுதிகளைச் சேர்ந்த சகோதரிகள் வந்திருந்தார்கள். சேமிப்புக் குழுக்களைப் பற்றியும் வீட்டுத் தோட்டத்தைப் பற்றியும் பேசுவதுதான் திட்டம். அவற்றையும் பேசினோம். ஆனால் மூன்று நாளும் ஓயாமல் பேசப்பட்ட விடயம் தலைமுடிதான்!

வந்தவர்களில் இருவரின் பெற்றோர் 1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள். பிறந்தது முதல் கேட்ட மலையை அவர்கள் கண்ணால் காண்பது அதுவே முதல் தடவை. மூதூர்ச் சகோதரி ஆக்ரா ஓயாவைப் பார்த்து, "இந்தத் தண்ணி எங்க போகுது?" என்று கேட்டார். ஹோட்டன் சமவெளியில் ஊற்றெடுத்து, கொத்மலை ஓயாவுடன் சேர்ந்து, மகாவலியாகி, கடைசியில் அவரது ஊருக்கு அருகில் கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது என்று சொன்னபோது, அவர் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டார். உடனே கையை உதறினார். அவ்வளவு குளிர்.

இனித் தலைமுடிக்கு வருகிறேன். என்னுடையது மெல்லிய முடி. அதோடு நெளிமுடி. வவுனியாவில் சோழகக் காற்று வீசும் மாதங்களில் காய்ந்த வைக்கோல் போல இருக்குமே தவிர, படிந்தாவது கிடக்கும். அக்கரப்பத்தனையில் முதல் நாள் விடிந்து எழுந்தபோது நெற்றியைச் சுற்றி ஒரு வளையம் போல எல்லாம் எழும்பி நின்றது. எனக்கு மட்டுமல்ல. அறையில் இருந்த எல்லோருக்கும் பரட்டைத் தலை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். வெளியே மழை இல்லை. மூடுபனி மட்டும் லயத்துக் கூரைகளை உரசிக்கொண்டு போனது. பனி மட்டுமே போதும், மழை தேவையில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? முடியின் மேற்புறம் நம் கிடுகுக் கூரையைப் போன்றது. சின்னஞ்சிறு செதில்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். கிடுகு நன்றாக இருந்தால் மழை வழிந்து ஓடும். ஓரம் எழும்பி, இடைவெளி விட்டிருந்தால் உள்ளே ஒழுகும். வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் உடுப்புச் சோப்பிலும் அடிபட்ட முடியில் இந்தச் செதில்கள் எழும்பித்தான் இருக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது அந்த முடி ஈரத்தை உறிஞ்சுகிறது. ஈரம் முழுவதுமாக நிறைந்த காற்றில் ஒரு முடி தன் எடையில் ஏறக்குறைய 30 வீதம் வரை நீரை எடுத்துக்கொள்ளும். முடியின் உள்ளே புரத இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் சிறு பிணைப்புகள் நீர் பட்டதும் அவிழ்ந்து, வேறு இடத்தில் பிடித்துக்கொள்கின்றன. எல்லா முடியும் ஒரே அளவில் ஊதுவதில்லை. ஆகவே ஒன்று இப்படி வளையும், மற்றது அப்படி வளையும். தடித்த முடிக்கு அதைக் கீழே இழுக்கப் பாரம் உண்டு. மெல்லிய முடிக்கு அது இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த விடயமும் அல்ல. ஈரம் பட்டால் முடி நீளும் என்பதை வைத்தே 1783ஆம் ஆண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் என்பவர் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றைப் பற்றி எழுதினார். அதில் வேலை செய்தது ஒரு மனிதத் தலைமுடி. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியிலும் காற்றின் ஈரத்தைப் பார்க்காமல் வேலை நடக்காது. உலர்ந்த குமிழ் ஒன்றும் ஈரத்துணி சுற்றிய குமிழ் ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகள் அதற்கு உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்தால், கொழுந்து வாடாது, சூடான காற்றை விட வேண்டும். நாங்கள் போன அன்று அந்த வித்தியாசம் மிகச் சொற்பம். "எங்கட தலையைப் பார்த்திருந்தால் ரீமேக்கர் ஐயாவுக்கு உந்தக் கருவியே தேவையில்லை" என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அம்மாயி இருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவர். அந்த வயதிலும் அவரது கொண்டை இறுக்கமாக, ஒரு பிசிறு இல்லாமல் இருந்தது. நாங்கள் ஈரத் தலையோடு பின்னலைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "ஈரத் தலைய கட்டாத புள்ள! மேல பனி, உள்ள ஈரம், முடி என்னா செய்யும்?"

அவர் தலை முழுகுவது மத்தியானத்தில். வேலைக்குப் போன காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முழுகுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே எண்ணெய் வைத்துவிடுவார். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். ஆகவே அக்கரப்பத்தனையில் எண்ணெய்ப் போத்தலுக்குள் எப்பொழுதும் வெள்ளை மெழுகுதான். அம்மாயி போத்தலை அடுப்படிக் கல்லின் மேல் வைத்து இளக்கி எடுப்பார். முழுகுவதற்கு முன் எண்ணெய் வைப்பது வெறும் பழக்கமல்ல. 2003ஆம் ஆண்டில் இந்திய ஆய்வாளர்களான ரேலேயும் மொஹிலேயும் மூன்று எண்ணெய்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் மட்டுமே முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெயும் கனிய எண்ணெயும் அதைச் செய்யவில்லை. கழுவிய பின் வைக்கும் எண்ணெய் மேலே மினுக்கத்தைக் கொடுக்கும். முன்னரே வைப்பது உள்ளே வேலை செய்யும்.

மெல்லிய முடிக்கு ஓர் எச்சரிக்கை. அள்ளி வைத்தால் முடி தலையோடு ஒட்டி, நாலு முடி போலத் தெரியும். முழுகியபின், முடி முக்கால்வாசி காய்ந்திருக்கும்போது இரண்டு மூன்று துளியை உள்ளங்கையில் தேய்த்து, காதுக்குக் கீழே உள்ள பகுதிக்கு மட்டும் தடவினால் போதும். அதுவே பனிக்கு முன் கூரையை அடைப்பது போன்றது. பிறகு கையை எடுத்துவிட வேண்டும். காய்ந்த நெளிமுடியைத் திரும்பத் திரும்பச் சீப்பால் வாரினால் இன்னும் பறக்கும். சிக்கு எடுப்பதென்றால் எண்ணெய் இருக்கும்போதே, அகலப் பல்லுச் சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கி எடுங்கள். துவாயால் தேய்க்காமல் பழைய வேட்டித் துண்டால் ஒற்றி எடுங்கள்.

எங்கள் குழுவில் முல்லைத்தீவுச் சகோதரி ஒருவர் எதற்கும் தலையைக் கொடுக்கவில்லை. 2009இல் கணவரை இழந்தவர். மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நாட்களில், பேன் தாங்காமல் முடியைக் கழுத்தோடு வெட்டியவர். பிறகு வளர்ந்தாலும், எண்ணெய் வைத்து வாருவதை விட்டுவிட்டார். அம்மாயி போத்தலை நீட்டியபோது அவர், "என்ர தலையை ஆர் பாக்கப் போகினம்?" என்றார்.

"யாரும் பாக்க வேணாம். சிக்கு எடுக்கிறப்ப வலிக்கிறது ஒனக்குத்தானே?" என்றார் அம்மாயி.

சமூகவியல் வகுப்புகளில் விதவைகளின் கோலம் பற்றி நிறையவே படித்திருக்கிறேன். பூவும் பொட்டும் எடுக்கப்படுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எண்ணெய்ப் போத்தலும் அதோடு சேர்த்து எடுக்கப்படுவதை எந்த நூலிலும் கண்ட ஞாபகம் இல்லை. சகோதரி சற்று நேரம் நின்றுவிட்டு, திண்ணையில் அம்மாயிக்கு முன்னால் போய்க் குந்தினார். சிக்கு எடுத்து முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. இருவரும் அதிகம் பேசவில்லை.

அவரது நெற்றியோரத்தில் ஒரு விரல்கடை நீளத்தில் குட்டை முடிகள் நிமிர்ந்து நின்றன. எவ்வளவு எண்ணெய் தடவியும் படியவில்லை. பரட்டை என்று அவர் வெட்கப்பட்டது அவற்றைத்தான். சில மாதங்களுக்கு முன் கடுமையான காய்ச்சலில் கிடந்து, முடி கற்றை கற்றையாகக் கொட்டியதாகச் சொன்னார். பெரிய காய்ச்சல், மகப்பேறு, பேரதிர்ச்சி இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது உண்டு. பெரும்பாலும் அது தானாக நின்று, புதிய முடி வளரும். நிமிர்ந்து நின்றது அந்தப் புதிய முடிதான். அதைப் பிடுங்கவோ வெட்டவோ கூடாது. ஆறு மாதம் கடந்தும் கொட்டுவது நிற்காவிட்டால், எண்ணெயை மாற்றிப் பயனில்லை. வைத்தியசாலைக்குச் சென்று இரத்தச்சோகையையும் தைரொயிட்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கொழுந்து எடுக்கும் சகோதரிகளுக்கு வேறொரு பிரச்சினையும் இருக்கிறது. கூடைக் கயிறு தலையின் உச்சியில் ஒரே இடத்தில் அழுத்துகிறது. கூடை நிறைய நிறைய அந்த இழுவை கூடும். பலருக்கு அந்த இடத்தில் முடி அறுந்து, மெலிந்து, ஒரு கோடு போலத் தெரிந்தது. கொங்காணியின் கீழே பருத்தித் துணியை மடித்து வைப்பவர்களும், கயிறு படும் இடத்தை அடிக்கடி மாற்றுபவர்களும் ஓரளவு தப்பியிருந்தார்கள். இறுக்கிக் கட்டிய கொண்டையின் மேல் கயிறும் விழுந்தால் சேதம் இரட்டிப்பு. வேலை நேரத்தில் தளர்ந்த பின்னலைத் தாழ்வாகப் போடுவது நல்லது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று கணக்குப் பார்க்கிறவர்கள் கயிற்றைப் பற்றியும் ஒரு தடவை யோசித்தால் என்ன?

கடைத்தெருவில் சிறு பைக்கற்றுகளில் கண்டிஷனர் தொங்குகிறது. மெல்லிய முடிக்கு அது நல்லதுதான். நுனியில் மட்டும் தடவி, அலசிவிட வேண்டும். ஆனால் கழுவாமல் விடும் கிறீம்களை வாங்கும்போது கிளிசரின் அதிகம் உள்ளதா என்று பாருங்கள். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மூடுபனியில் அதைத் தடவினால் முடி இன்னும் ஊதும். சவர்க்காரத்தால் முழுகுபவர்கள், கடைசியில் ஒரு செம்பு தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு கலந்து அலசி, பிறகு வெறும் தண்ணீர் ஊற்றினால் எழும்பிய செதில்கள் படியும். தலையில் புண் இருந்தால் வேண்டாம். செவ்வரத்தை இலையை அரைத்துத் தேய்ப்பவர்களுக்கு இந்தச் சிரமமே இல்லை. அதன் வழுவழுப்பே கண்டிஷனர். தேயிலைச் சாயத்தில் தலை அலசலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். அம்மாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது குடிக்கிறதுக்கு" என்றார்.

தை, மாசி மாதங்களில் செல்பவர்கள் இதையெல்லாம் அப்படியே பின்பற்ற வேண்டாம். அப்போது நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழும். பகலில் காற்று உலர்ந்திருக்கும். முடி ஊதாது, ஆனால் காய்ந்து சீப்போடு ஒட்டிப் பறக்கும். அந்த நாட்களில் நுனிக்கு எண்ணெய் ஒரு துளி கூடுதலாகத் தேவை. வன்னியின் சோழகக் காலத்துக்கும் அதே கணக்குத்தான். ஆடியில் நாங்கள் ஊர் திரும்பியபோது, அம்மாயி கொடுத்துவிட்ட எண்ணெய் ரயில் கம்பளைக்கு வருவதற்குள் போத்தலில் முழுவதும் இளகிவிட்டது. மூடி சரியாக இறுகாததால் முல்லைத்தீவுச் சகோதரியின் பைக்குள்ளே பாதி ஊற்றுண்டு போயிற்று. மிச்சத்தை அவர் வேறு போத்தலில் வடித்து எடுத்துக்கொண்டார்.