ஸ்ரீபாதம்தாங்கியின் முழங்கால்

திருவீதிப் புறப்பாட்டின்போது பக்தர்களின் கண்கள் எம்பெருமானின் திருமுகத்திலேயே நிலைக்கின்றன. திருமாலையையும் திருவாபரணங்களையும் குடையையும் சாமரத்தையும் கண்டு கைகூப்புகிறார்கள். வாகனத்தின் கீழே வாரைகளில் தோள் கொடுத்து நடப்பவர்களை எவரும் தனித்துப் பார்ப்பதில்லை. அவர்களும் அதை விரும்புவதில்லை. பெருமாளே நடந்து வருவதுபோல் தோன்ற வேண்டும், தாங்குபவர் தெரியக் கூடாது என்பதே அந்தக் கைங்கரியத்தின் இலக்கணம். திருவரங்கத்தில் நம்பெருமாள் சிங்கம்போல் நிமிர்ந்தும் பாம்புபோல் நெளிந்தும் எழுந்தருளும் நடையழகைச் சேவிப்பதற்கென்றே வெளியூரிலிருந்து வந்து காத்திருப்போர் உண்டு. அந்த நடையழகு ஸ்ரீபாதம்தாங்கிகளின் கால்களில் இருக்கிறது. தோளில் காய்த்துப்போன தழும்பைச் சிலராவது கண்டிருப்பர். முழங்காலை யாரும் கண்டதில்லை. தோள் வாங்கிக்கொள்ளும் பாரம் முழுவதையும் தரையில் கொண்டு சேர்ப்பது அந்த முழங்காலே.

காவிரிக் கரையிலுள்ள வைணவத் திருத்தலம் ஒன்றில் 22 ஆண்டுகளாக இக்கைங்கரியத்தைச் செய்துவந்த ஒருவருக்கு, 43-ஆம் வயதில் அந்த முழங்கால் கைவிட்டது. பங்குனி உற்சவத்தின் எட்டாம் நாள். குதிரை வாகனத்தில் வையாளி. வையாளி என்பது சாதாரணப் புறப்பாடு அன்று. வாகனத்தைச் சுமந்தபடி தாங்கிகள் வீதியில் முன்னோக்கி ஓடுவர், சட்டென நிற்பர், பின்வாங்குவர், திரும்பி மீண்டும் ஓடுவர். பெருமாள் மெய்யாகவே குதிரையேறி விளையாடுவதுபோல் இருக்கும். அப்படி ஒரு திருப்பத்தில், வலது பாதத்தைப் பதித்து உடலைத் திருப்பியபோது, அவருடைய முழங்காலுக்குள் ஏதோ ‘டக்’கென்று தெறித்தது. யாரும் இடிக்கவில்லை, கால் வழுக்கவும் இல்லை. இவ்வகைக் காயம் பெரும்பாலும் அப்படித்தான் நேர்கிறது என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். பாதம் தரையில் ஊன்றி நிற்க உடல் மட்டும் திரும்பும் அந்த ஒரு கணமே போதும். கால்பந்தும் கபடியும் ஆடும் இளைஞர்கள் இதே காயத்தோடுதான் மருத்துவமனைக்கு வருகிறார்களாம்.

மாற்றுத் தோள் கொடுப்பதற்கென்று வாகனத்தோடு கூடவே ஓடிவந்தவர் மறுநொடியில் வாரைக்குள் நுழைந்துவிட்டார். வாகனம் அசையவில்லை. சேவித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு எதுவும் தெரியாது. நோவின் நாள்களில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்ட ஆறுதல் அது ஒன்றுதான்.

முழங்கால் குடம்போல் வீங்கியது. மூன்று வாரங்களில் வீக்கம் வடிந்து, நேராக நடக்கவும் முடிந்தது. சரியாகிவிட்டது என்றே வீட்டார் எண்ணினர். ஆனால் கிணற்றடியில் குடத்துடன் திரும்பும்போதும், வாசற்படி இறங்கும்போதும், கால் தன் இடத்தை விட்டு நழுவியது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் ஜவ்வு அறுந்திருந்தது தெரிந்தது. முழங்காலின் நடுவே இரண்டு ஜவ்வுகள் பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று குறுக்கிட்டு, தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்திருக்கின்றன. அவற்றுள் முன்புறத்து ஜவ்வு, கீழ் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது. அது முற்றிலும் அறுந்தால் பெரும்பாலும் தானே கூடுவதில்லை. எல்லோருக்கும் அறுவை வேண்டும் என்பதும் இல்லை; அமர்ந்து பணி செய்வோர் பலர் பயிற்சியாலேயே காலத்தைத் தள்ளிவிடலாம். “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்டார். பதிலைக் கேட்டதும் அறுவைக்கு நாள் குறித்தார்.

வைகாசியில் அறுவை நடந்தது. புதிய ஜவ்வு வெளியிலிருந்து வரவில்லை. அவருடைய தொடையின் பின்புறத்திலிருந்தே தசைநாண் ஒன்றை எடுத்து, மடித்து, எலும்புகளில் துளையிட்டு அதனூடே செலுத்திப் பொருத்தினார்கள். வீடு திரும்பியபோது வாசலில் ஐந்து படிகள் இருந்தன. ஊன்றுகோலுடன் அவர் தயங்கி நிற்க, வாரையில் உடன் நிற்கும் இருவர் கைகளைக் கோத்து அவரை அமர்த்தித் தூக்கினர். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை.

“அண்ணா, இறக்கிவிடுங்கள். நானே ஏறிக்கொள்கிறேன்.”

“லோகசாரங்க முனிவர் தோளில் ஏறத் திருப்பாணாழ்வாரே கூசினார். ஆனாலும் ஏறினார். நீ பேசாமல் உட்கார்” என்றார் மூத்தவர்.

முதல் சில வாரங்களில் கொடுக்கப்பட்ட பயிற்சிகள் குழந்தை விளையாட்டுப்போல் இருந்தன. படுத்தபடி காலை நீட்டித் தொடைத் தசையை இறுக்க வேண்டும். பத்து எண்ணித் தளர்த்த வேண்டும். நீட்டிய காலை ஒரு சாண் உயர்த்த வேண்டும். அத்தனை ஆண்டுகள் பெருமாளைச் சுமந்த கால், தன் எடையைத் தானே தூக்க இயலாமல் நடுங்கியது. அளவுநாடா வைத்துப் பார்த்தபோது வலது தொடை இடது தொடையைவிட நன்றாகவே இளைத்திருந்தது. பின்னர் ஊன்றுகோலின்றி நடப்பதும் அடுத்துப் படி ஏறுவதும் வந்தன. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோயுற்ற கால் முதலில், கை எப்போதும் கைப்பிடியில் என்பது அங்கே கற்பிக்கப்படும் முதல் பாடம். முதுமையின் மூட்டுத் தேய்மானம் வேறு, அவருக்கு நேர்ந்தது வேறு. எனினும் ஒரு முழங்காலில் மட்டும் நோவு மிகுந்த முதியோர்க்கும் கோயில் படிகளில் இந்த ஒரு பாடம் உதவும்.

இதற்கிடையே அவருடைய மனைவி ஒரு பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து செல்லும் வழியில் ‘மோகாலு மெட்டு’ என்றொரு செங்குத்தான பகுதி உண்டு. மோகாலு என்றால் தெலுங்கில் முழங்கால். ஆதிசேடனே மலையாக இருப்பதால் தம் பாதம் படலாகாதென்று இராமாநுசர் முழங்காலால் ஏறினார் என்பது வழிவழி வரும் செய்தி. கணவர் குணமானதும் அவ்விடத்தை முழங்காலாலேயே ஏறுவார் என்று அந்த அம்மாள் வேண்டிக்கொண்டுவிட்டார். இயன்முறை மருத்துவரான இளம்பெண் இதைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். “வேறு எதை வேண்டுமானாலும் நேர்ந்துகொள்ளுங்கள் அம்மா. முழங்காலைக் கொடுத்த பெருமாளுக்கு முழங்காலையே திருப்பிக் கொடுக்க வேண்டாம்.”

கையிருப்பு கரைந்தது. புறப்பாட்டுக்குப் புறப்பாடு கிடைக்கும் சம்பாவனையே குடும்பத்தின் வரவு. தோள் கொடுக்காத மாதத்தில் அது இல்லை. மனைவி அப்பளம் இட்டு விற்றார். அவர் நாற்காலியில் அமர்ந்தபடி மாலை தொடுத்துக் கொடுத்தார். உடன் தாங்குவோர் தங்கள் பங்கிலிருந்து எடுத்துவைத்ததை மூத்தவர் மாதந்தோறும் திண்ணையில் வைத்துவிட்டுப் பேசாமல் போவார்.

ஆகவே மூன்றாம் மாத முடிவில் வலி அடியோடு நின்றபோது, புரட்டாசிப் புறப்பாட்டுக்குத் தோள் கொடுக்க அவர் துடித்ததில் வியப்பில்லை. அவர் நன்றாகவே நடந்தார். படியும் ஏறினார். ஆனால் இயன்முறை மருத்துவர் இசையவில்லை. எடுத்துப் பொருத்திய நாணுக்குத் தொடக்கத்தில் இரத்த ஓட்டம் கிடையாது. புதிய நாளங்கள் அதற்குள் வளர்ந்து, அது மெல்ல மெல்ல ஜவ்வின் தன்மையை அடைய வேண்டும். அந்த மாற்றத்தின் நடுவே, பொருத்திய நாளில் இருந்ததைவிடவும் அது வலுக்குறைந்து போகிறது. வலி நீங்கி மனிதன் தெம்படைவதும், உள்ளே இழை நலிந்திருப்பதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்வன. பாரத்தோடு ஓடித் திரும்புவதற்கு ஒன்பது மாதமாவது ஆக வேண்டும் என்றார் அவர்.

“பெருமாள் பார்த்துக்கொள்வார் அம்மா.”

“உங்கள் கால் மடங்கினால் பெருமாள் பார்த்துக்கொள்வார், ஐயா. அதே வாரையில் உங்களோடு நிற்பவர்கள் எத்தனை பேர்?”

அவர் பதில் சொல்லவில்லை. அன்று மாலை மூத்தவரிடம் சென்று, மார்கழி ஏகாதசிக்கும் தம்மை எதிர்பார்க்க வேண்டாம் என்றார். வாரையில் தோள்கள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அவருக்கு இணையான உயரமுள்ள வேறொருவரைத் தேட வேண்டியிருந்தது.

புரட்டாசிச் சனிக்கிழமையன்று அவர் தம் வீட்டு வாசலில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். முன்வாரையில் நிற்பவருக்குப் பெருமாள் முதுகுப்புறத்தில் இருக்கிறார். பின்வாரையில் நிற்பவருக்குப் பீடமும் தொங்கும் பட்டும் தெரியும். வீதியில் எழுந்தருளும் பெருமாளை எதிரே இருந்து சேவிப்பது, வாரையில் தோள் வைத்த நாளுக்குப் பிறகு அவருக்கு அதுவே முதன்முறை. தீவட்டி ஒளியில் திருமுகம் அசைந்து அசைந்து அருகே வந்தது. அவர் எழ முயன்று, முடியாமல், அமர்ந்தபடியே கைகூப்பினார்.

எதிர்வீட்டு வாசலில் ஒரு மூதாட்டி இருந்தார். மூட்டு நோவால் நான்கு ஆண்டுகளாகக் கோயிலுக்குள் அடியெடுத்து வைக்க இயலாதவர். தேங்காயும் வெற்றிலையும் கற்பூரமும் வைத்த தட்டோடு பிற்பகலிலிருந்தே காத்திருந்தார். சந்நிதிக்கு வர முடியாதவர்களுக்காகவே பெருமாள் வீதிக்கு எழுந்தருளுகிறார் என்று பெரியோர் சொல்வதுண்டு. ஆனால் அந்த அம்மாள் நடுங்கும் கையால் தீக்குச்சியை உரசி முடிப்பதற்குள் தோளுக்கினியான் கடந்துவிட்டது. அது ஏன் என்பது அவருக்குத் தெரியும். அந்த இடத்தை அடையும்போது தோள் எரியும். அடுத்த மண்டகப்படியில் இறக்கலாம் என்று கால்கள் விரையும். அவருடைய கால்களும் அத்தனை ஆண்டுகளாக அங்கே விரைந்தவைதாம்.

தை பிறந்ததும் மருத்துவர் பாரம் பழக அனுமதித்தார். இரவில், ஆளரவமற்ற மதில் வீதியில், மூங்கிலில் அரிசி மூட்டைகளைக் கட்டி நால்வர் தூக்கி நடந்தனர். நேராக நடப்பதில் தொல்லை இல்லை. திருப்பம் வந்தால்தான் அவருடைய கால் தயங்கும். தசை தேறிவிட்டது; மனம் இன்னும் அந்த ‘டக்’ ஒலியையே கேட்டுக்கொண்டிருந்தது. மூலையில் திரும்பும்போது உட்புறம் நிற்பவர் நின்ற இடத்திலேயே காலை முறுக்க நேரும். வெளிப்புறத்தவர் அகலமாகச் சுற்றி நடந்துவிடலாம். ஆகவே அவரை வெளிப்புறத்து வாரைக்கு மாற்றினர். சில வாரங்களில் தயக்கம் குறைந்தது. முற்றிலும் போய்விட்டதென்று அவர் சொல்லிக்கொள்வதில்லை.

அறுவை நடந்து பத்தாம் மாதம், மீண்டும் பங்குனி உற்சவம். புறப்பாடுகளுக்கு மருத்துவரின் இசைவு கிடைத்தது. எட்டாம் நாள் வையாளிக்கு இவ்வாண்டு தாம் வேண்டாம் என்று அவரே கூறிவிட்டார்; அவருடைய இடத்தில் மூத்தவரின் தம்பி மகன் நிற்பதென்று முடிவாயிற்று. முதல் நாள் மாலை, துணியை மடித்துத் தோளில் இட்டு, வாரையைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, வெளிப்புறத்தில் தோள் கொடுத்தார். மூன்று வீதிகள் கடந்து, நான்காம் வீதியின் திருப்பத்தையும் கடந்தனர்.

எதிர்வீட்டு வாசல் நெருங்கியதும், “அண்ணா, இங்கே கொஞ்சம்” என்றார். மூத்தவர் கையை உயர்த்தினார். தோளுக்கினியான் நின்றது. மூதாட்டி முதல் தீக்குச்சியை உரசினார், அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. வாரையின் கீழே எவரும் முணுமுணுக்கவில்லை. மூன்றாவது குச்சியில் கற்பூரம் பற்றிக்கொண்டது. அந்த அம்மாள் தட்டை உயர்த்திச் சுற்றி, இறக்கி, கைகூப்பி, நெடுநேரம் பார்த்தார். பின்னரே மூத்தவரின் கை தாழ்ந்தது.