ஒரு சிபார்சுக் கடிதம்

ஆறுமுகநேரி உப்பளத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்தார். கணிதப் பித்துக் கொண்ட தம் குமாரனுக்கு அளத்திலேயே குமாஸ்தா வேலை கிடைக்கச் சிபார்சுக் கடிதம் வேண்டினார். பேனாவை எடுத்தோம்; டிப்டி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயரின் ஞாபகம் வந்தது.

சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டே 1907-ல் இந்தியக் கணித சங்கத்தை ஸ்தாபித்தவர் அவர். 1910-ல் ராமானுஜன் என்னும் ஏழை இளைஞர் நோட்டுப் புஸ்தகத்துடன் வந்து அவரிடம் குமாஸ்தா வேலை கேட்டார். புஸ்தகத்தைப் புரட்டிய ஐயர், அம்மேதையை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் புதைக்க மனமின்றி, சென்னைக் கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். 1911-ல் சங்கத்தின் சஞ்சிகையிலேயே ராமானுஜனின் கட்டுரை வெளியாயிற்று.

பிள்ளைகள் எல்லோரும் ராமானுஜன் ஆவதில்லை. வீட்டு அடுப்பும் எரிய வேண்டும். ஆயினும் பேனாவைக் கீழே வைத்தோம். "அண்ணாச்சி, முதலில் பையனுடைய நோட்டுப் புஸ்தகத்தைக் கொண்டுவாருங்கள்" என்றோம்.