ரகசியத்தைக் கேட்காதீர்கள்

சாதித்தவர் யாராவது பேட்டிக்கு உட்கார்ந்தால் போதும், 'உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?' என்று கேட்டுவிடுகிறோம். உழைப்பு, விடாமுயற்சி, பெற்றோர் ஆசி என்று பதிலும் வந்துவிடும். யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் அதே அளவு உழைத்தும் கரையேறாதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் முன்னால் யாரும் மைக்கை நீட்டுவதில்லை. ஆகவே இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எது கைகொடுத்தது, எது சும்மா கூட இருந்தது என்று பிரிக்க முடியாது. ரகசியத்தை விட்டுவிட்டு வேலை எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமியைப் பாருங்கள். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அறுவை சிகிச்சை செய்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976இல், 11 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்த விரல்களோடு நின்றுவிடுகிறது. மனதை உருக்கும் செய்திதான், ஆனால் அதிலிருந்து இன்னொருவர் எடுத்துச் செய்ய ஒன்றுமில்லை. அறுவை அரங்கில் என்ன நடக்கிறது என்று கேட்டால் கதையே வேறு. அங்கே இரண்டு மேசைகள் அருகருகே இருக்கும். ஒன்றில் மருத்துவர் கண்புரையை எடுத்து லென்ஸ் வைத்து முடிப்பதற்குள், மற்றதில் அடுத்த நோயாளியைச் செவிலியர்கள் தயாராக வைத்திருப்பார்கள். மருத்துவர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர வேண்டியதுதான். அந்தச் செவிலியர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்கள். மருத்துவமனையே பயிற்சி கொடுத்து எடுத்துக்கொண்டது. பணம் கட்டுகிறவர்களின் கட்டணத்தில் கட்டாதவர்களுக்கும் சிகிச்சை நடக்கிறது. லென்ஸ் விலை இடித்தபோது, 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கித் தாங்களே செய்துகொண்டார்கள். ஹாம்பர்கர் கடைகளின் ஒழுங்கைத் தமக்கு முன்மாதிரியாக டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவந்தார். கேட்கக் கொஞ்சம் சப்பென்றிருக்கும், ஆனால் பாடம் அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைக்கு ஊக்கம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் ஊக்கமும் நுணுக்கமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்களை எதிர்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். மறு ஆண்டு ஜூலையில் வென்றபோது, போய்ப் பேசும்படி திட்ட இயக்குநர் அப்துல் கலாமை அனுப்பினார். கலாம் இதை மேடைக்கு மேடை சொன்னார். நாமோ, அவர் கனவு காணச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டோம். வேலைக்குச் சேரப்போகும் இளைஞர், 'இங்கே தவறு நேர்ந்தால் முன்னால் நிற்பவர் யார்?' என்று விசாரிக்கக் கற்றுக்கொள்ளலாம் அந்தச் சம்பவத்திலிருந்து.

பெரியவர்களின் நினைவு காலப்போக்கில் தன்னை அலங்கரித்துக்கொள்ளும், அதை நம்பலாமா என்பது இன்னும் வலுவான கேள்வி. அதனால்தான் சின்ன விவரங்களைக் கேட்கச் சொல்கிறேன். விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னது யார், விடுதிக் கட்டணத்தைக் கட்டியது யார், சம்பளமில்லாமல் எத்தனை மாதம் ஓடியது? இவற்றில் அலங்காரத்துக்கு இடம் குறைவு. வெற்றி பெற்ற பெண்களிடம், குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்க நாம் தயங்குவதில்லை. ஆண்களிடமும் கேட்கலாமே. பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் அம்மா என்று பதில் வரும். அந்தச் சம்பளமில்லாத உழைப்பும் கணக்கில் ஏறும்.