சொம்பும் நாற்காலியும்

நமது வீட்டைக் காலத்துக்கு ஏற்றதாக மாற்றிவிட வேண்டும் என்ற தீர்மானம் சென்ற ஆண்டு தை மாதத்தில் நிறைவேறிற்று. தீர்மானத்தைக் கொண்டு வந்தவள் நமது புதல்வி. ஆமோதித்தவள் அவளுடைய தாயார். கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் நாமே. ஆனால் குடும்பக் கூட்டங்களில் தலைமை வகிப்பவருக்கு ஓட்டுரிமை கிடையாது என்பது நேயர்களுக்குத் தெரியாத விஷயம் அல்லவே!

நாம் வசிப்பது ஆண்டிமடம். அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில், செம்மண்ணும் முந்திரித் தோப்பும் பலாமரமுமாக விளங்கும் ஊர். வீட்டுக்கு நாகரிகமான சாமான் வாங்க வேண்டுமானால் முன்பெல்லாம் பஸ் ஏறிக் கும்பகோணத்துக்கோ திருச்சிக்கோ போய் வருவோம். இப்பொழுது அந்தச் சிரமம் இல்லை. கைபேசியை விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் நாற்காலி. இன்னொரு தள்ளுத் தள்ளினால் மேஜை. பணம் மட்டும் பழைய காலத்தைப் போலவே நம்முடைய பையிலிருந்துதான் போகிறது.

வந்து சேர்ந்த சாமான்கள் நான்கு வகை. பழுப்பு நிற ரெக்ஸின் தைத்த சோபா ஒன்று. முழங்காலுக்குக் கீழே நிற்கும் கண்ணாடி மேஜை ஒன்று. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையினாலான அலமாரி ஒன்று. வெள்ளைப் பிளாஸ்டிக் இருக்கையும் குச்சிக் குச்சியான மரக்கால்களும் கொண்ட நாற்காலிகள் நான்கு. எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பிய அன்று, பார்ப்பதற்கு அது நமது வீடாகவே தோன்றவில்லை. அதுதான் அதன் பெருமை என்று புதல்வி சொன்னாள்.

சித்திரை பிறந்தது. மின்சாரம் நின்ற ஒரு பிற்பகலில் சோபாவில் உட்கார்ந்திருந்த நாம், எழுந்திருக்க முயன்றபோது சோபாவும் கூடவே எழுந்திருக்கப் பார்த்தது. கண்ணாடி மேஜையின் விளிம்பு வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய முழங்காலையும் முறை வைத்துப் பதம் பார்த்தது. ஐப்பசி அடைமழையில் அலமாரியின் அடிப்பலகை ஈரம் குடித்து, ஊறப் போட்ட அவலைப் போல் உப்பிற்று. பிறகு அதன் கதவு மூடவே இல்லை. நாற்காலிகளைப் பற்றி மட்டும் குறை சொல்லக் கூடாது. அவை இலேசானவை, முதுகுக்கு இதமானவை, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். மூன்று தோல்விகளுக்கு நடுவே இந்த ஒன்று ஏன் வெற்றி பெற்றது என்ற கேள்வி நமது மனத்தில் எழுந்தது. புதல்விதான் அதன் பூர்வோத்தரத்தைத் தேடிப் பிடித்துச் சொன்னாள்.

அந்த நாற்காலியின் மூல வடிவம் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதியருடையது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, சாமானிய மக்கள் வாங்கக்கூடிய விலையில் நல்ல நாற்காலி செய்ய வேண்டும் என்று அவர்கள் முயன்றார்கள். 1950-ஆம் ஆண்டில் கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கில், முதுகும் இருக்கையும் ஒரே துண்டாக அமைந்த நாற்காலி கடைக்கு வந்தது. நமது கூடத்தில் நிற்பது அதன் எத்தனையாவது நகலோ, கடவுளுக்கே வெளிச்சம். ஆனாலும் மனித உடம்பை நன்கு அறிந்து செய்த வடிவமாகையால் நகலிலும் நன்மை மிஞ்சியிருக்கிறது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் நிம்மதியாக இருந்திருப்போம். ஆனால் புதல்வி மேலும் படித்தாள். நமது அரசாங்கம் அந்தத் தம்பதியரை இந்தியாவுக்கு அழைத்தது. சுதந்திர தேசத்தில் பொருள்கள் எப்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்று ஆலோசனை கேட்டது. அவர்கள் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1958 ஏப்ரலில் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் பயனாக 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாயிற்று. அந்த அறிக்கையில், இந்தியாவில் தாங்கள் கண்டு வியந்த பொருள்களுக்குள் தலைசிறந்ததென்று அவர்கள் ஒன்றைக் குறிப்பிட்டார்கள். அது தாஜ்மகாலும் அல்ல, தஞ்சைப் பெரிய கோயிலும் அல்ல. வட நாட்டார் லோட்டா என்று சொல்லும் சாதாரணச் சொம்பு!

ஒரு சொம்பைப் புதிதாகச் செய்ய வேண்டுமானால் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று அவர்கள் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும்? இடுப்பிலா, தலையிலா, கையிலா எடுத்துச் செல்வது? நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் பாரம் எங்கே நிற்க வேண்டும்? ஊற்றும்போது எப்படி விழ வேண்டும்? உள்ளே கைவிட்டுத் துலக்க முடியுமா? கைக்கு எப்படி இருக்கும், தட்டினால் எப்படி ஒலிக்கும், என்ன விலையாகும்? கடைசியில் பழைய உலோகமாகப் போட்டால் என்ன தேறும் என்பதைக்கூட அவர்கள் விட்டுவிடவில்லை. இவ்வளவுக்கும் பதில் சொல்லும் வடிவத்தை எந்தத் தனி மனிதனும் ஒரு நாளில் உட்கார்ந்து செய்திருக்க முடியாது. பல தலைமுறை மக்கள் கூடிச் செய்தது அது என்பது அவர்களுடைய முடிவு.

இதைக் கேட்டதும் நமக்கு உள்ளே சுருக்கென்றது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நமது தாயாருக்கு ஒரு பித்தளைச் சொம்பு இருந்தது. கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து வந்த சீர். உருண்ட வயிறு, கை அடங்கும் கழுத்து, வெளியே மடிந்த வாய். விரல்கள் கழுத்தைச் சுற்றிக்கொண்டால் வாயின் மடிப்பு நழுவாமல் பிடித்துக்கொள்ளும். அந்தக் கழுத்திலேயே கயிற்றைச் சுருக்குப் போட்டுக் கிணற்றில் இறக்கிவிடுவார். உள்ளே மூலை முடுக்கு இல்லாததால் புளியும் சாம்பலும் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் பளிச்சென்று ஆகிவிடும். அதன் தோளில் அவருடைய பெயரின் முதல் எழுத்தும் கல்யாணத் தேதியும் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்தன.

அவர் காலமான மறு வருஷம், தெருவில் பழைய பாத்திரக்காரர் குரல் கேட்டது. பரணில் கறுத்துக் கிடந்த பித்தளை எதற்கு என்று தோன்றிற்று. சொம்பையும் இன்னும் நாலைந்து பாத்திரங்களையும் தராசில் வைத்தோம். பதிலுக்கு ஓர் எவர்சில்வர் வாளியும் கொஞ்சம் ரொக்கமும் கிடைத்தன. "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று பிறரைக் கேலி செய்திருக்கிறோம். அன்று நாம் செய்ததும் அதே வியாபாரந்தான். நாம் காசு கொடுத்து வாங்கிப் பெருமைப்பட்ட நாற்காலியின் கர்த்தா, தலைவணங்கி வியந்த பொருளை, நாம் எடைக்குப் போட்டுவிட்டோம்!

மறு வாரமே கும்பகோணத்துக்குப் போனோம். பழைய பித்தளை குவித்திருந்த கடையொன்றில், கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது எப்பவோ உருகிப் போயிருக்கும் சார்" என்றார். அது நமக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் அந்தக் குவியலில் ஒவ்வொரு சொம்பின் தோளையும் தடவிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய பெயர் இருந்தது.

அன்று முதல், நாகரிகமான பொருள் என்றால் என்ன என்பதைப் பற்றி நமது அபிப்பிராயம் மாறிவிட்டது. செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்து, வீண் ஆடம்பரம் இல்லாமல், கைக்கும் கண்ணுக்கும் இசைந்து நிற்பதே நாகரிகம் என்றால், அது ஏற்கனவே நமது அடுப்பங்கரையில் குடியிருக்கிறது. மண்பானையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளேயுள்ள நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மின்சாரம் நின்றாலும் இது நிற்பதில்லை. டபராவின் மடிந்த விளிம்பு கொதிக்கும் காப்பியிலிருந்து விரலைக் காக்கிறது. அகன்ற வாய் ஆற்றிக் கொடுக்கிறது.

இந்த நோக்கில் நமது தேசத்தில் முன்பே சிந்தித்தவர்கள் உண்டு. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, மேல்நாட்டுப் படிப்பெல்லாம் படித்துவிட்டு மகாத்மாவிடம் வந்து சேர்ந்தார். 1934-இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் ஏற்பட்டபோது வார்தாவில் அதை நடத்தினார். மண்ணெண்ணெய்க்கு அந்நிய தேசத்தை எதிர்பார்க்காமல் நம் ஊர்த் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு அங்கே உருவாயிற்று. வீட்டில் வைக்கும் ஒரு பொருளை வாங்கும்போது, அதைச் செய்த கைக்கு என்ன கிடைக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பதே அவருடைய உபதேசத்தின் சாரம்.

அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அறிய நாம் வார்தாவுக்குப் போக வேண்டியதில்லை. நமது மாவட்டத்திலேயே, கொள்ளிடத்தை ஒட்டிய கோடாலிக்கருப்பூர் இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் குடும்பத்துக்காக அங்கே சேலைகள் நெய்தார்கள். பருத்தி நூலோடு பொன் சரிகையை இழைத்து நெய்து, பிறகு சாயம் பிடிக்கக் கூடாத இடங்களில் கையால் மெழுகு எழுதி, செடி கொடிகளிலிருந்து எடுத்த சாயம் ஏற்றுவார்கள். செம்பழுப்பு நிறத்துக்கு நடுவே பொன் மினுங்கும். 1855-இல் கடைசி மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார், அரண்மனை ஓய்ந்தது, வாங்குவோர் இல்லாமல் அந்தத் தொழிலும் ஓய்ந்தது. இன்று அந்தச் சேலையைப் பார்க்க விரும்பினால் லண்டன் முதலிய இடங்களிலுள்ள பொருட்காட்சிச் சாலைகளுக்குத்தான் போக வேண்டும். நெய்யத் தெரியாமல் போனதால் அழிந்த கலை அல்ல அது. ஒரே வீட்டார் வாங்கி, அந்த வீட்டார் போனதும் போய்விட்ட கலை.

அதன் தாயாதியான ஓவியத் துணி மட்டும் உயிரோடு இருக்கிறது. கொள்ளிடத்துக்குத் தெற்கே, திருப்பனந்தாள் பக்கத்திலுள்ள சிக்கல்நாயக்கன்பேட்டையில், கோயில்களுக்கும் தேர்களுக்கும் தொம்பையும் தோரணமும் அசமானகிரியும் எழுதும் குடும்பங்கள் இருக்கின்றன. கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் இதற்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கும் 2020-இல் கிடைத்தது. குறியீடு கிடைத்ததில் நமக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் குறியீட்டை வைத்து உலை கொதிக்காது. வீட்டுக்கு ஒரு திரைச்சீலையாவது வாங்க ஆள் வேண்டும்.

இவ்வளவு பேசுகிற நாம் யோக்கியரா என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். சென்ற கோடையில் தண்ணீர்ப் பானை வாங்கப் போன இடத்தில், முதிய குயவரிடம் இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி வெகு நேரம் வாதாடினோம். அவர் கடைசியில், "சரி, எடுத்துக்கிட்டுப் போங்க ஐயா. எனக்கப்புறம் இதைச் செய்ய வீட்டிலே ஆள் இல்லே. அப்ப யாருகிட்ட பேரம் பேசப் போறீங்க?" என்றார். கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். பெட்டியில் வந்த சோபாவுக்கு நாம் ஒரு பைசா குறைக்கச் சொன்னதில்லை என்பது அப்பொழுது நினைவுக்கு வந்தது. இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டோம். ஆனால் அவருடைய கேள்விக்குப் பதில் கொடுக்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

பிறகு கூடத்தை மறுபடியும் ஒழுங்கு செய்தோம். உப்பிய அலமாரி வெளியேறிற்று. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கரை கடந்த தானே புயலில் நமது கொல்லைப் பலாமரம் ஒன்று சாய்ந்தது. அதை அறுத்த பலகைகள் மாட்டுக் கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்தன. வீணை செய்ய உகந்த மரம். இழைத்தால் மஞ்சள், நாளாக நாளாகப் பொன்பழுப்பு. உள்ளூர் ஆசாரி அதில் ஒரு நீள பெஞ்சு செய்து கொடுத்தார். ஒருவர் படுக்கலாம், நால்வர் உட்காரலாம், எழுந்திருக்கும்போது கூடவே வராது. ஜன்னலுக்குச் சிக்கல்நாயக்கன்பேட்டைத் துணி. மூலையில் பானை. ஈம்ஸ் தம்பதியரின் நாற்காலிகளை விலக்கவில்லை. பெஞ்சுக்கு எதிரே மரியாதையாகப் போட்டிருக்கிறோம். நல்ல விருந்தாளிக்கு எந்தத் தேசமாயிருந்தால் என்ன?

ஒன்று மட்டும் குறைந்தது. புதல்வியோடு மீண்டும் கும்பகோணம் போய், கனமான பித்தளைச் சொம்பு ஒன்று வாங்கினோம். பெயர் வெட்டுகிறவர் உளியை எடுத்து வைத்துக்கொண்டு, "யார் பேரு போடணும்?" என்று கேட்டார். நாம் புதல்வியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தோம். அவள் முந்திக்கொண்டு, "பாட்டி பேரைப் போடுங்க" என்றாள்.

இப்பொழுது அந்தச் சொம்பு பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெருவில் பழைய பாத்திரக்காரரின் குரல் கேட்கும்போதெல்லாம், நமது இல்லத்து எஜமானி முதலில் சொம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு நாம் எங்கே இருக்கிறோம் என்று பார்க்கிறாள்.